நான்காம் பலகையில் இரண்டு பெயர்கள் இல்லை

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், கண்காட்சிக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவன்தான் எழுதுகிறேன். காரைக்காலிலிருந்து வந்து இந்த ரீயூனியன் தீவுக்கு மாப்பிள்ளையாகி 22 வருஷம் ஆகிறது. மடல் தமிழில் இருப்பதால் உங்களில் பாதிப் பேரால் படிக்க முடியாது என்று தெரியும். வீட்டில் என்னிடம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வகுப்பால் ஒரு பயன் கிடைத்த மாதிரியும் இருக்கும்.

விஷயம், தீபாவளியையொட்டிச் சங்க மண்டபத்தில் நீங்கள் வைத்திருக்கும் 'நம் தீவின் கண்டுபிடிப்பாளர்கள்' கண்காட்சி. நல்ல எண்ணத்தோடு செய்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சர்க்கரைப் பாகு காய்ச்சும் முறையைத் திருத்திய வெட்செலுக்கு ஒரு பலகை. வனிலாக் காயை வெந்நீரில் முக்கிப் பதப்படுத்தும் வழியை 1851-இல் சேன்-ஆந்த்ரேயில் கண்ட எர்னஸ்ட் லூப்பிக்கு ஒன்று. அதைச் செம்மைப்படுத்திய தவீத் தெ ஃப்ளோரிஸுக்கு ஒன்று. எல்லாருக்கும் முழுப் பெயர், பெரிய எழுத்து.

நான்காம் பலகைக்கு வந்தால், "எட்மோன் என்ற அடிமைச் சிறுவன் தன் எஜமானரின் தோட்டத்தில் வனிலாப் பூவைத் தற்செயலாகக் கருவுறச் செய்தான்." அவ்வளவுதான். அல்பியூஸ் என்ற பெயர் எங்கே போயிற்று? லூப்பி 'கண்டறிந்தார்'. வெட்செல் 'திருத்தியமைத்தார்'. எட்மோன் மட்டும் 'செய்தான்'. பிரெஞ்சில் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. தமிழில் ஒரு விகுதி போதும், யாரை எங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் 'தற்செயலாக' எனக்கு இன்னும் பெரிய உறுத்தல். உங்களுக்குத் தெரியாத கதையில்லை, சேன்த்-சுசானில் அவருக்குச் சிலையே இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காகச் சொல்லியாக வேண்டும். வனிலா மெக்சிகோக் கொடி. 1819 முதல் இங்கே கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். பூத்தது, காய்க்கவில்லை. அதற்கேற்ற தேனீ இந்தத் தீவில் கிடையாது. 1836-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மோரென் என்ற பேராசிரியர் கையாலேயே காய்க்க வைத்தார், ஆனால் அது தோட்டக்காரர் கைக்கு வந்து சேரவில்லை. எஜமானர் பெல்லியே-போமோனின் தோட்டத்தில் 20 வருஷமாகச் சும்மா நின்ற கொடியில் 1841-இல் காய் காட்டியவர் இந்த எட்மோன். வயது 12. தர்பூசணியில் ஆண் பூவையும் பெண் பூவையும் சேர்த்துவைக்கும் வித்தையை அந்த எஜமானர் முன்பே அவருக்குக் காட்டியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு வனிலாப் பூவைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவில் சின்னச் சவ்வு ஒன்று மறிப்பதைக் கண்டு, குச்சியால் அதைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். தற்செயலாகப் பல்லி விழும், தேங்காய் விழும். இதுவா தற்செயல்? இன்றைக்கும் உலகம் முழுக்க வனிலாத் தோட்டங்களில் அந்தக் குச்சியும் அந்தக் கட்டைவிரலும்தான்.

அடிமையாக இருந்தவரை அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1848 டிசம்பர் 20-இல் விடுதலை அறிவிப்பு வந்தபோதுதான் அல்பியூஸ் என்ற பெயர் அவரோடு சேர்ந்தது. இந்தத் தீவு அவருக்குக் கொடுத்தது ஏறக்குறைய அது ஒன்றுதான். 1848-இல் பிரான்சுக்குப் போன வனிலா 50 கிலோ, 1898-இல் 200 டன். அவரோ 1880 ஆகஸ்ட் 9 அன்று சேன்த்-சுசான் மருத்துவமனையில் கையில் காசில்லாமல் இறந்தார். உதவித்தொகை கேட்டு அவர் வைத்த கோரிக்கைக்குப் பதிலே வரவில்லை என்று அப்போதைய பத்திரிகையே எழுதியது. ரிஷார் என்ற தாவரவியலார் 'நான்தான் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்' என்று கிளம்பியபோது, வயதாகி நினைவு தடுமாறுகிறது போலும், அவர் கற்பனையில் அவர் இருக்கட்டும் என்று எழுதி எட்மோன் பக்கம் நின்றவர் அந்தப் பெல்லியே-போமோன்தான். அடிமை வைத்திருந்தவருக்கு இருந்த அந்த நியாயமாவது நம் பலகைக்கு வேண்டாமா? பெயரை எழுதுங்கள். முழுப் பெயரை.

சரி, எட்மோன் வந்து பார்க்கப்போவதில்லை. பலகையின் கீழ்ப்பாதியில் இருப்பவர் பார்க்கிறார். அந்தப் புகைப்படத்தில் குனிந்து பூவைப் பிடித்திருப்பது என் மாமியார். கீழே நீங்கள் போட்டிருப்பது: "வனிலா வேலை செய்யும் பெண்."

அவர் 40 வருஷம் 'மரியேஸ்'. பூவுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறவர் என்று அர்த்தம். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அந்த வேலைக்கே கல்யாணம் என்றுதான் பேர். பூ விடியும் நேரத்தில் திறந்தால் உச்சிக்குள் வாடிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சவுக்கிலும் தாழையிலும் ஏறிய கொடிகளுக்கு நடுவே, ஈரத்தில், ஒரு காலைக்கு ஆயிரம் பூ. கொடிச் சாறு பட்டுப் பட்டு விரலிடுக்குகள் புண்ணாகும். இன்றைக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கை எரிகிறது என்பார். திறப்பு விழாவில் செய்துகாட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டதால், அன்று நாலு மணிக்கே எழுந்து பூப் பறித்துக்கொண்டு வந்தார். வயது 78. நாற்பது நிமிஷம் நின்றுகொண்டே காட்டினார். நான் போய் ஒரு நாற்காலி கேட்டேன். "நின்றால்தான் வீடியோவில் நன்றாக வரும்" என்றார் குழுவில் ஒருவர். விருந்தினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பொன்னாடையோடு.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா என்றால் நாலும் இருக்கும். திரும்பும் வழியில் காரில் அவர் கேட்டதுதான் தூங்க விடவில்லை. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "என் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்றார் கிரியோலில். "உங்கள் பேர்தான் அத்தை, முழுசாக" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வீடு வரும்வரை இரண்டு முறை சரிசெய்துகொண்டார்.

காய் திருட்டுப் போகாமல் இருக்க, கொடியில் பச்சையாக இருக்கும்போதே ஊசியால் குத்தி முதலாளியின் அடையாள எழுத்தைப் பதிக்கும் வழக்கம் இங்கே இருந்தது உங்களுக்குத் தெரியும். காய்ந்து கறுத்தாலும் அந்த எழுத்து போகாது. அத்தையே அப்படி ஆயிரக்கணக்கான காய்களில் குத்தியவர், எல்லாம் அடுத்தவர் எழுத்து.

பெயர் என்றால் என்னவென்று தெரியாதவர்களா நாம்? கோயிலில் குழல்விளக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தால்கூட 'உபயம்' என்று அதன் மேலேயே எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைக்கிற இனம். நம் மண்டபத்துச் சுவரைப் பாருங்கள். பெயிண்ட் கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர், ஒலிபெருக்கி கொடுத்தவர், எல்லாரும் இருக்கிறார்கள். ஒலிபெருக்கி போன வருஷமே பழுதாகிவிட்டது, பெயர் இன்னும் பளபளக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பெயரைச் சிதைத்து எழுதினார்கள், வீராசாமி ஒரு மாதிரியும் அவர் தம்பி வேறு மாதிரியும் ஆனார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் மேடையில் கண்கலங்கப் பேசுகிறோம். அந்த எழுத்தராவது தப்பும் தவறுமாக எதையோ எழுதினார்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். நான்காம் பலகையை முழுதாக மாற்றச் சொல்லவில்லை, அதற்குச் செலவாகும் என்று தெரியும். 'எட்மோன் அல்பியூஸ்' என்று முழுப் பெயரை எழுதுங்கள், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு எழுத்தில். 'தற்செயலாக' என்பதை எடுத்துவிடுங்கள். 'செய்தான்' என்பதைக் 'கண்டறிந்தார்' ஆக்குங்கள். படத்துக்குக் கீழே அந்த அம்மாவின் பெயரை எழுதுங்கள், பக்கத்தில் 'மரியேஸ், 40 ஆண்டுகள்' என்று போடுங்கள். இடமிருந்தால் அவரோடு வேலை செய்த மற்ற நான்கு பெண்களின் பெயரையும் சேர்க்கலாம். இருவர் உயிரோடில்லை, பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

மூன்று ஒட்டுத்தாளில் முடிகிற வேலை. அச்சடிக்கும் செலவை நான் தருகிறேன், உபயம் என்று போட வேண்டாம். ஏணியும் கொண்டுவருகிறேன்.

ஒரே ஒரு அவசரம். கண்காட்சியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று அத்தை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், இந்த முறை கண்ணாடியோடு. பேத்தி என் வகுப்பில்தான் படிக்கிறாள், எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிப்பாள். ஆகவே சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபத்துச் சாவியை என்னிடம் தர ஏற்பாடு செய்தால் போதும். ஐந்து பெயர்களையும் எழுத்துப்பிழையில்லாமல் தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை வகுப்பு ஆசிரியன்