எடை எழுதும் நர்சுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல வருடம் பின்தொடரும் ஆய்வு என்றாலே டாக்டர்கள் பெயர்தான் அடிபடுகிறது. பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். முதல் எண்ணை எழுதுவது நர்சுதான்.

வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களை, வளர்ந்து ஆளான பிறகு தேடிப்பிடித்துச் சர்க்கரை நோய்க்குப் பரிசோதித்தார்கள். பிறந்த அன்றைக்கு எழுதிவைத்த எடையும் நீளமும் இல்லையென்றால், அவற்றைப் பின்னாளில் வந்த நோயோடு ஒப்பிட்டிருக்கவே முடியாது. நைட் டூட்டியில் பிரசவம் அடுத்தடுத்து வரும்போது 2,460 கிராமை 2.5 கிலோ என்று எழுதிவிடுவது சகஜம். 2,500-க்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தை என்பது கணக்கு. அந்தப் பிள்ளை பட்டியலிலிருந்தே போய்விடும். நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்ட. ஒற்றை ஆளாக அளந்தால் பிள்ளை காலை மடக்கிக்கொள்ளும்.

அப்புறம் முகவரி. அது தவறினால் பிள்ளையைப் பின்னால் தேடிப்பிடிக்க முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், அட்டையில் இருப்பதோ புருஷன் வீடு. ஏற்காட்டில் வேலைக்காக எஸ்டேட் மாறும் குடும்பங்கள் வேறு. "அடுத்த ஆறு மாதம் எங்கே இருப்பாய்?" என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சாப்பாடு போட்டு நடத்தும் கருத்தரங்கம் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டிலேயே, தமிழில், தராசை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். நைட் ஷிப்டையும் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.