செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: பழைய வழக்கும் பிள்ளை வளர்க்கும் அனுமதியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் பிள்ளைகளோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். இங்கிலாந்தில் பிறர் பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான எமது சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான அறிக்கையைப் பொதுச்சபை முன் வைக்கிறேன்.

வழமையான விடயங்களில் சொல்ல அதிகமில்லை. மாதாந்தச் சந்திப்புகள் ஆலய மண்டபத்தில் நடந்தன. கோடை ஒன்றுகூடலும் நன்றாக நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் எமது தகவல் மேசையைப் போட இந்த ஆண்டும் இடம் தந்தார்கள்; அதற்கு நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அந்தத் தகவல் மேசைக்கு வந்தவர்களும் சங்கத்தின் தொலைபேசியில் பேசியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கேள்வியைத்தான். "எனக்கு முந்தி ஒரு கேஸ் இருந்தது. நான் பிள்ளை எடுக்கலாமோ?" அதாவது, ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமா, அல்லது கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தத்தெடுக்காமல் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கு (ஃபொஸ்டரிங்) விண்ணப்பிக்கலாமா என்பதே கேள்வி. பலர் இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். சிலர் "என்ர சிநேகிதர் ஒருவருக்காகக் கேக்கிறன்" என்றார்கள். கேட்காமலேயே தங்களால் முடியாது என்று முடிவு கட்டி ஒதுங்கியவர்கள் இன்னும் எத்தனை பேரோ! அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை இந்த விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

இது ஏன் நமக்குப் பெரிய விடயம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையைக் கவுன்சில் தன் பொறுப்பில் எடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் சொல்கிறது. ஆனால் அனுமதி பெற்ற தமிழ்க் குடும்பம் ஒன்று அந்த நேரத்தில் இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? தாயோடு தமிழில் மட்டும் கதைத்துப் பழகிய பிள்ளை, வாரம் ஒருமுறை தாயைச் சந்திக்கும் அறையில் பதில் சொல்லத் தமிழ் வராமல் நிற்பதை நம் உறுப்பினர்கள் கண்டிருக்கிறார்கள். தகுதியுள்ள ஒரு தமிழ்க் குடும்பம் வீண் பயத்தால் ஒதுங்கும்போது இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

இனி விதிகள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு உரியது; ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. தத்தெடுப்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டு விதிகளும், வளர்ப்புப் பராமரிப்புக்கு 2011ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. இரண்டிலும் அறவே கதவை மூடும் குற்றங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களும் பாரதூரமான பாலியல் குற்றங்களுமே அதில் முக்கியமானவை. விண்ணப்பிப்பவரோ, அந்த வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய வேறு எவருமோ, 18 வயதுக்குப் பின் அப்படியொரு குற்றம் செய்து தண்டிக்கப்பட்டிருந்தால் அனுமதி கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கோஷன் எனப்படும் பொலிஸ் எச்சரிக்கை பெற்றிருந்தாலும் அப்படித்தான். வளர்ப்புப் பராமரிப்பில், குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் உறவினருக்கும் அந்தப் பிள்ளையை ஏற்கெனவே பராமரித்து வருபவருக்கும் மட்டும் சிறு விலக்கு இருக்கிறது. இந்தத் தடை மிகச் சரியானது. அதைத் தளர்த்த வேண்டும் என்று இந்தச் சங்கம் ஒருநாளும் கேட்காது.

பட்டியலுக்கு வெளியே உள்ள எதுவும் தானாகக் கதவை மூடாது. களவு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது, கஞ்சா வைத்திருந்தது, பொய்க் கடவுச்சீட்டு, கடையில் வயது குறைந்தவருக்கு மது விற்றது என்று எதுவாக இருந்தாலும், என்ன நடந்தது, எப்போது நடந்தது, எத்தனை தடவை நடந்தது, அதன்பின் எப்படி வாழ்ந்தீர்கள், அதைப் பற்றி இன்று எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை எடைபோட்டே முடிவு செய்கிறார்கள். கடைசியாகச் சொன்னதற்கு நம்மவர்கள் நினைப்பதைவிட அதிக கனம் இருக்கிறது.

"அது எப்பவோ காலாவதியாகிவிட்டது, சொல்லத் தேவையில்லை" என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண வேலைகளுக்கு 1974ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. பிள்ளை வளர்ப்பு அதற்கு விதிவிலக்கு. இங்கே எடுக்கப்படுவது ஒருவரின் குற்றப் பதிவுகளைக் காட்டும் உயர்நிலை டிபிஎஸ் (DBS) சான்றிதழ். அதிலும் எல்லாம் வருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்பின் 2020 நவம்பர் 28 முதல் விதிகள் மாறின. இளவயதில் பெற்ற பொலிஸ் எச்சரிக்கைகள் இப்போது தானாக வெளிவருவதில்லை. வளர்ந்தபின் பெற்ற எச்சரிக்கை 6 ஆண்டுகளிலும், குற்றத்தீர்ப்பு 11 ஆண்டுகளிலும், 18 வயதுக்கு முந்தைய குற்றத்தீர்ப்பு ஐந்தரை ஆண்டுகளிலும் சான்றிதழிலிருந்து நீங்கும். ஆனால் பாரதூரமான குற்றங்கள் நீங்கா. சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட எதுவும், அது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையாக இருந்தாலும், வாழ்நாள் முழுக்க வரும். அப்படி நீங்கிய பதிவைச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை இல்லை. நீங்காததைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்று: வழக்குப் போடாமல் விட்ட முறைப்பாடு, வீட்டுச் சண்டைக்குப் பொலிஸ் வந்துபோனது போன்றவற்றையும், பொருத்தமானது என்று கருதினால் பொலிஸ் உயரதிகாரி சான்றிதழில் சேர்க்கலாம். அந்தக் குறிப்பு தவறானால் அதை எதிர்த்து முறையிட வழி உண்டு.

இதையெல்லாம் மண்டபத்தில் விளக்க ஒரு சட்டத்தரணியை நவம்பரில் அழைத்திருந்தோம். அவர் சொன்ன ஆலோசனையை இங்கே பதிவு செய்கிறேன்: விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் பொலிஸ் பதிவின் பிரதியை நீங்களே கேட்டு எடுங்கள். தனிநபர் தரவு உரிமையின் கீழ் அது இலவசம். திகதி, குற்றத்தின் சட்டப் பெயர், தண்டனை மூன்றையும் பார்த்த பின் எழுதுங்கள். இருபது வருடத்துக்கு முந்தியதை நினைவிலிருந்து எழுதும்போது, "வெறும் தண்டப்பணம்தான்" என்று நினைத்தது ஒத்திவைத்த சிறைத்தண்டனையாக இருந்துவிடலாம்.

இந்த ஆண்டு எமக்கு மிகுந்த வருத்தம் தந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். விண்ணப்பித்தவரும் துணைவியாரும் மிகவும் நல்லவர்கள். சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். அவருக்கு 2017இல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய குற்றத்தீர்ப்பு ஒன்று இருந்தது. தண்டப்பணம் கட்டினார், லைசென்ஸைப் பறித்தார்கள், பயிற்சி வகுப்புக்கும் போனார். அதற்குப்பின் ஒரு துளி குடித்ததில்லை. இந்த நிலையில் விண்ணப்பித்திருந்தால் அநேகமாகத் தடை இருந்திராது. ஆனால் குற்றப் பதிவு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டார். காரணம், துணைவியாருக்கே அது தெரியாது. அந்த மாதங்களில் இரவு வேலை என்று சொல்லிப் பஸ்ஸில் போய்வந்திருக்கிறார். டிபிஎஸ் சான்றிதழ் வீட்டுக்கு வந்த நாளில் அந்த வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. முதற்கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றது. சமூகப் பணியாளர் தந்த விளக்கம் தெளிவாக இருந்தது: மது விடயத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம், ஆனால் வீட்டுக்குள்ளேயே மறைத்த ஒருவர் ஒரு பிள்ளைக்கு நடந்ததை நாளை எங்களிடம் சொல்வார் என்று எப்படி நம்புவது? அந்தக் கேள்வி நியாயமானது என்றே நிர்வாகசபையும் கருதுகிறது.

இன்னொரு வீட்டில் 20 வயது மகன். கஞ்சா வைத்திருந்ததற்குப் போன வருடம் பொலிஸ் எச்சரிக்கை. மகனைக் கொஞ்சக் காலம் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு விண்ணப்பிக்கும்படி நம்மவர்களே அந்தத் தாய்க்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து யாருக்கும் இப்படிச் சொல்லாதீர்கள். அடிக்கடி வந்துபோகும் பிள்ளைகளையும் சமூகப் பணியாளர்கள் விசாரிப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்க, வேறொருவரின் பிள்ளையை ஏற்பதற்காகப் பெற்ற பிள்ளையை வெளியே அனுப்பும் வீட்டில் எந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்கும்? அந்தத் தாய் மகனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டே சமூகப் பணியாளரோடு கதைத்தார். மகன் தானாகவே எல்லாவற்றையும் சொன்னான். விண்ணப்பம் இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது.

கடை வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. வயது குறைந்தவருக்கு மது விற்றதற்கு அந்த இடத்திலேயே தரப்பட்ட 90 பவுண் தண்டச்சீட்டு குற்றத்தீர்ப்பு அல்ல. வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்ததற்கான சிவில் தண்டப்பணமும் குற்றப் பதிவு அல்ல. ஆனாலும் கேட்டால் மறைக்காதீர்கள். சிறுவருக்கு மது விற்ற விடயத்தை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவான பனலில் நிச்சயம் ஆழமாகக் கேட்பார்கள். அதன்பின் கடையில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இப்போது நம் சமூகத்துக்கே உரிய விடயத்துக்கு வருகிறேன். அகதியாக வந்தபோது பொய்க் கடவுச்சீட்டில் விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிறை சென்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை, தப்பி வந்தவரை அந்த வருகைக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதை ஓர் எதிர்வாதமாகவே இந்நாட்டுச் சட்டத்தில் வைத்தது. ஆனால் அப்படியொரு எதிர்வாதம் இருப்பதைச் சொல்லாமலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பலருக்கு அவர்களது சட்டத்தரணிகளே ஆலோசனை தந்தார்கள். அப்படிப்பட்ட பல வழக்குகள் பின்னர், தவறான தீர்ப்புகளை ஆராயும் குற்றவியல் வழக்கு மீளாய்வு ஆணைக்குழு வழியாக மேல்நீதிமன்றங்களுக்குப் போய்த் தீர்ப்புகள் இரத்தாகியுள்ளன. தீர்ப்பு இரத்தாகாத வரை, சிறைத்தண்டனை என்பதால் இது டிபிஎஸ் சான்றிதழிலிருந்து ஒருபோதும் நீங்காது. 11 வருடக் கணக்கு இதற்குச் செல்லாது.

எமது மூத்த உறுப்பினர் அண்ணர் ஒருவர் 2001இல் அப்படி ஆறு மாதத் தண்டனை பெற்றவர். பிறகு அகதி அந்தஸ்து கிடைத்தது, குடியுரிமை கிடைத்தது, மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தார். இவ்வருடம் அவரும் மனைவியும் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பித்தார்கள். முதல் சந்திப்பிலேயே, தேத்தண்ணி ஆறுவதற்கு முன், நீதிமன்றக் கடிதம், அகதி அந்தஸ்துக் கடிதம் இரண்டையும் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாராம். தன் கதையைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினார். சங்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தது. பனலில் ஒரு பெண்மணி கேட்டார்: "உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளை, நீங்கள் சிறையில் இருந்தீர்களா என்று கேட்டால்?" அண்ணர் சொன்ன பதில்: "ஓம் எண்டு சொல்லுவன். ஏன் எண்டதை அந்தப் பிள்ளையின்ர வயசுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுவன்." பெப்ரவரியில் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்யவும் அவர் முயல்கிறார். மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் வழமையான மேன்முறையீடு செய்ய முடியாது. நேரடியாக ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மற்றொரு உறுப்பினரின் நிலை இதைவிடக் கடினம். அவருக்கு இந்நாட்டில் எந்தப் பதிவும் இல்லை. இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு, பூசா தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, குற்றச்சாட்டு எதுவும் இன்றி விடுவிக்கப்பட்டவர். வழக்கு விசாரணையே இன்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. "உலகில் எங்காவது கைதானீர்களா" என்ற கேள்விக்கு உண்மையை எழுதினார். உடனே விண்ணப்பத்தைப் பரிசீலித்த முகவரகத்தினர், இலங்கைப் பொலிஸிடமிருந்து நற்சான்று கொண்டுவரும்படி கேட்டார்கள். யாரிடமிருந்து உயிர்தப்பி வந்தாரோ அந்த அரசிடமே போய் நற்சான்று வாங்கி வா என்பது எந்த வகையில் நியாயம்? விண்ணப்பம் பல மாதங்கள் அசையாமல் கிடந்தது. சங்கம் இரண்டு கடிதம் எழுதியது. அகதி அந்தஸ்து வழங்கிய தீர்மானம், சத்தியப் பிரமாணம், இங்கு அவரை நீண்டகாலம் அறிந்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றை அதற்குப் பதிலாக ஏற்க இறுதியில் சம்மதித்தார்கள். வேறொரு முகவரகத்தில் இதே நிலையில் நிற்கும் குடும்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்தை விடமாட்டோம்.

மறுப்பு வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வளர்ப்புப் பராமரிப்பில், தகுதியில்லை என்ற உத்தேச முடிவு வந்து 28 நாட்களுக்குள் அந்த முகவரகத்திடமோ, முகவரகத்துக்கு வெளியே அந்த முடிவைப் பரிசீலிக்கும் சுயாதீன மீளாய்வுப் பொறிமுறையிடமோ முறையிடலாம். முன்சொன்ன தடைப்பட்டியல் குற்றங்களுக்கு மட்டும் இந்த மீளாய்வு இல்லை. ஏற்கெனவே அனுமதி பெற்றிருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: புதிய வழக்கோ வீட்டில் புதிதாக ஒருவர் குடிவந்ததோ, எதுவானாலும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை மூன்று விடயங்களுக்குச் சபையின் ஒப்புதலைக் கேட்கிறது. டிபிஎஸ் விதிகளை விளக்கும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை அச்சிட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் தேவாலயங்களுக்கும் கொடுக்க வேண்டும். பழைய வழக்கு உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன் தனியாக வந்து கதைக்க, அனுமதி பெற்ற இரு உறுப்பினர்களை நியமிக்க வேண்டும். அவர்களிடம் சொல்வது நிர்வாகசபைக்குக்கூட வராது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டவர்களிடம் இலங்கைப் பொலிஸ் நற்சான்று கேட்பதை நிறுத்தும்படி இப்பகுதியின் எல்லா முகவரகங்களுக்கும் சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தின் வரைவு மேசையில் இருக்கிறது. வாசித்துத் திருத்தங்களைத் தேநீர் இடைவேளைக்குள் தாருங்கள், அதன்பின் வாக்கெடுப்பு.

செயலாளர்
நிர்வாகசபை சார்பாக