ஹாஷுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு கருவிகள் தங்களுக்கு நடுவே உள்ள ரேடியோ சேனலை, அதாவது சிக்னல் போய்வரும் பாதையை அளந்து, செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவி உண்டாக்கும் வேலையை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நானும் வயர்லெஸ்ஸிலேயே வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

1993-ல் மௌரர், ஆல்ஸ்வீடு, சிசார் என்ற ஆய்வாளர்கள் இதற்குப் போட்ட கணித அடித்தளமும், 1995-ல் ஹெர்ஷியும் சகாக்களும் அதை ரேடியோவுக்குக் கொண்டுவந்ததும் உனக்கே தெரியும். சாவியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. இங்கிருந்து போகும் சிக்னல் சுவரிலும் ஆட்களிலும் பட்டு எப்படிச் சிதறுகிறதோ, அதே அலைவரிசையில் உடனே திரும்பி வரும் சிக்னலும் அப்படியே சிதறுகிறது. இருவரும் அவரவர் இடத்தில் அளந்து, அந்த அளவுகளை 0, 1 என்ற பிட்டுகளாக மாற்றினால் போதும்.

ஆனால் அறையில் எதுவும் அசையாமல் இருந்தால்? சிக்னல் பலம் ஒரே இடத்தில் நிற்கும். அப்போது தெரியும் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் பெரும்பாலும் அந்தந்த ரிசீவரின் இரைச்சல்தான். அது இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத பிட்டுகளைத் திருத்த இரு கருவிகளும் யாரும் கேட்கக்கூடிய பொதுவெளியில் பேசப் பேச, இருக்கிற கொஞ்சம் ரகசியமும் கசிந்துவிடும். கடைசியில் ஹாஷ் போட்டால், அதாவது எந்தத் தரவையும் கலக்கிக் குறிப்பிட்ட நீளப் பிட் வரிசையாக்கும் கணக்கில் போட்டால், 128 பிட் சாவி கிடைக்கத்தான் செய்யும். சீரற்ற தன்மைக்கான சோதனைகளிலும் அது தேறிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்களை ஹாஷ் செய்தாலும் தேறும்! ஆகவே ஹாஷுக்கு முன்னால் எத்தனை பிட் நிஜமான ரகசியம் இருந்தது என்பதைத்தான் நீ கணக்கிட வேண்டும். குறுக்கே திட்டமிட்டு நடந்தே சிக்னலை ஏறி இறங்க வைத்து, சாவியின் பிட்டுகளை வெளியாள் முன்கூட்டியே ஊகிக்க முடியும் என்று 2009-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அரை அலைநீளம் தள்ளி நின்றால் ஒட்டுக்கேட்க முடியாது என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6 செ.மீ. எல்லாத் திசையிலிருந்தும் பிரதிபலிப்பு வரும் இடத்தில் சரி. நேர்ப்பாதை பலமாக இருக்கும் இடத்தில் அதை நம்பிவிடாதே. ஒட்டுக்கேட்பவரின் இடத்தில் மூன்றாவது ஆன்டெனாவை நீயே வைத்து அளந்து பார், கண்ணு.

அப்புறம், எதிர்முனையில் இருப்பது யார் என்பதைச் சேனல் சொல்லாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

அடுத்த கடிதத்தோடு ஹாஷுக்கு முந்தைய அளவீடுகளையும் அனுப்பு. ஆள் நடமாட்டம் இருந்தபோது எடுத்தவை தனியாக, இல்லாதபோது எடுத்தவை தனியாக. உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா