நியூ ஹேவனிலிருந்து பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். இரணைமடுக் குளம் வான் பாயுது எண்டு அம்மா சொன்னவ. எங்கட வயலுக்குள்ள வெள்ளம் ஏறாமல் இருந்தால் காணும். இஞ்ச பின்னேரம் நாலரைக்கே இருட்டிப்போகுது. சோறு நானே காய்ச்சிறன். அரிசிதான் வாயில வைக்கேலாது.

யேல் பல்கலைக்கழக நூலகத்துக்கு முன்னால ஒரு கல்மேசை இருக்கு. மாயா லின் எண்ட சிற்பி செய்து, 1993 இல வைச்சது. ஒவ்வொரு வருஷமும் இஞ்ச படிச்ச பெண்களின்ர தொகையை நடுவில இருந்து சுருளாய் வெட்டியிருக்கிறா. 1701 இல துவங்கின இடம். துவக்கத்தில சைபர், சைபர், சைபர் எண்டே போகுது. பார்த்தால் வயித்தெரிச்சல்.

இளமாணிப் படிப்புக்குப் பெட்டையளை எடுத்தது 1969 இலதான். ஆயிரக்கணக்கான பெடியங்களுக்கு நடுவில ஐந்நூறு சொச்சம் பேர். அவையளைப் பார்க்கிற பொறுப்பு எல்கா வாசர்மன் எண்டவவிட்ட வந்தது. பெர்லினில பிறந்து, ஹிட்லரின்ர நாசிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோட இஞ்ச வந்தவ, இரசாயனவியலில கலாநிதி. செய்தது டீனின்ர வேலை, குடுத்த பெயர் பல்கலைக்கழகத் தலைவரின்ர விசேட உதவியாளர். வருஷம் ஆயிரம் ஆண் தலைவர்களை உருவாக்க வேணும் எண்டு மேலிடம் நிண்டதால பெட்டையளின்ர தொகைக்கு வரம்பு வேற. அந்த வரம்பை எடுக்க முடிவெடுத்தது 1972 இல. பெரிய ஆக்கள் கூடிச் சாப்பிடுற மோரீஸ் கிளப்பில 1974 வரைக்கும் பெண்கள் அங்கத்தவராகவும் ஏலாது.

இதுகளை வாசிக்கேக்க உங்கட ஞாபகம்தான். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் நடத்தினபோதும் நீங்கள் கடமை நிறைவேற்று அதிபர், கட்டடம் வந்த பிறகும் அதே பெயர்தான். நியமனக் கடிதம் வந்தது உங்களுக்குப் பிறகு வந்த சேருக்கு. நீங்கள் சிரிச்சு விட்டிட்டீங்கள். எனக்கு இன்னும் ஆறேல்லை.

அந்த எல்கா வாசர்மன் பிறகு சும்மா இருக்கேல்லை. அம்பது தாண்டின வயசில யேலிலேயே சட்டம் படிச்சு 1976 இல பட்டம் எடுத்தவ. உங்களைச் சட்டம் படிக்கச் சொல்லேல்லை பெரியம்மா. நீங்கள் அதிபர் வேலை பார்த்த அந்த வருஷங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி கல்விக் கந்தோருக்கு இன்னொரு கடிதம் போடுங்கோ. இடாப்பையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் பங்கருக்குள்ளயும் காவித் திரிஞ்சனீங்கள்தானே. அதுகளில இருந்து பிரதி எடுத்து இணையுங்கோ. போகேக்க தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில போங்கோ. இந்த மழைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம்.

அன்புடன்,
உங்கட பெறாமகள்