முகத்துவாரத்துச் சேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உன் கணக்கு டீச்சரும் நானும் விடியுமுன்னே ஆட்டோ பிடித்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். மார்கழிப் பனி. உன் ஊரில் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். கடற்காற்றும் சேர்ந்ததில் எங்களுக்குப் பல் கிட்டிப்போயிற்று.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் வற்றிய நேரம். எனக்கு வெறும் சேறுதான் தெரிந்தது. டீச்சர் பைனாகுலரைக் கொடுத்தார், பார்த்தால் சேறு முழுக்கக் குட்டிக் குட்டிப் பறவைகள்! கொசு உள்ளானாம். எடை 25 கிராம் அளவுதான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு அத்தனை தூரம் பறந்து வருகிறது. தலையைத் தூக்காமல் குத்திக்கொண்டே நடக்கிறது. பக்கத்திலேயே உப்புக்கொத்தி என்று இன்னொரு பறவை, நாலு எட்டு ஓடும், நிற்கும், பார்க்கும், அப்புறம்தான் ஒரு கொத்து. அதற்குக் கண் பெரிது, பார்த்துப் பிடிக்கும். உள்ளானுக்கோ அலகு நுனியிலேயே உணர்ச்சி, சேற்றுக்குள் தடவியே புழுவைக் கண்டுபிடித்துவிடும் என்றார் டீச்சர்.

கொஞ்சம் தள்ளி இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. ஓலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி. அந்த உள்ளானும் இவர்களும் நம்பியிருப்பது ஒரே சேற்றைத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கலந்ததே, ஞாபகமிருக்கிறதா? கூழைக்கடாவின் இறகெல்லாம் கறுத்துக் கிடந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. செத்த ஆறு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. சேற்றில் உயிர் இல்லையென்றால் அத்தனை உள்ளானுக்கு அங்கே என்ன வேலை? செத்தது என்று சொல்லிவிட்டால் இன்னும் கொட்டலாம் என்று ஆகிவிடும்.

நீ தண்ணீர்ச் சுத்திகரிப்புதானே படிக்கிறாய். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயை, உள்ளே இருக்கும் புழுவும் இறாலும் சாகாமல் எப்படி எடுப்பது என்று உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது. டீச்சரும் கேட்கச் சொன்னார். ஏப்ரலுக்குள் பறவைகள் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதற்குள் லீவு கிடைத்தால் வா, மூன்று பேருமாகப் போகலாம்.

அன்புடன்,
அம்மா