ஒரே பெஞ்சில் 13 மணி நேரம்: கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைத்துக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கும் ஒன்றிய, நகர, பேரூர் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஆளுங்கட்சிக்கு வருகிற அதே பிரதிதான் எதிர்க்கட்சிக்கும் வருகிறது. ஒரு வரி கூடக் குறையவில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களாகவும் முதல் நிலை அலுவலர்களாகவும் தேர்தல் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் உட்காரும் முகவர்களுக்கு, அதாவது பூத் ஏஜெண்டுகளுக்கு, நீங்கள் கொடுக்கும் பயிற்சியை மாற்றுங்கள்.

இப்போது என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? "அவனுங்க கள்ள ஓட்டுப் போடுவானுங்க, கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு" என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. பார்ப்பதில் தப்பே இல்லை. அதற்காகத்தான் சட்டம் முகவரை உள்ளே விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்றுக்கட்சிக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. மேடையில் பேசுகிறவர் எதிராளியைத் திட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடலாம். ஏஜெண்டுக்கு அந்த வசதி இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை. கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கே தொடங்கியது. கடைசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது 13 மணி நேரம் தாண்டிவிடும். அத்தனை நேரமும் பள்ளிக்கூட பெஞ்சில் எதிர்க்கட்சிக்காரரோடு முழங்கை இடிக்க உட்கார வேண்டும். மறுநாள் அதே ஆளை அதே டீக்கடையில் பார்க்கவும் வேண்டும்.

முதல் தகராறு விடிவதற்கு முன்பே வரும். மாதிரி வாக்குப்பதிவின்போது குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்களாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமை அலுவலர் 15 நிமிடம் காத்திருப்பார், பிறகு தொடங்கிவிடுவார். உங்கள் ஆள் 6.15-க்கு வந்து "நாங்க இல்லாம எப்படிப் போட்டீங்க, திரும்பப் போடுங்க" என்று கேட்டால் நடக்காது. உடனே கோபம், சீக்கிரம் வந்தவர் மேல் திரும்பும்: "நீயும் ஆபீசரும் சேர்ந்து என்ன பண்ணீங்க?" ஒழுங்காக நேரத்துக்கு வந்தவர் திருடனாகிவிடுகிறார். முந்தைய நாள் மாலையே எல்லாக் கட்சி முகவர்களும் செல்போன் எண்களை வாங்கிக்கொள்ளட்டும். 4.30-க்கு எழுந்தவர் மற்றவரை எழுப்பட்டும். எதிர்க்கட்சிக்காரர் வராமல் போனால் உங்களுக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் முகவரின் சாட்சிக்கு அவர்தான் பக்க சாட்சி.

அங்கே பார்க்க வேண்டியதையும் சொல்லிக் கொடுங்கள். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும். யார் யாருக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கருவியின் முடிவையும், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளையும் ஒப்பிட வேண்டும். பிறகு 'கிளியர்' அழுத்தி, மொத்தம் பூஜ்ஜியம் என்று காட்டச் சொல்ல வேண்டும். விவிபேட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அவசரத்தில் அலுவலர் மறப்பது இந்தக் கிளியரைத்தான். மறந்தால் எண்ணிக்கை நாளில், பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17சி படிவத்தோடு கருவி ஒத்துப்போகாது, அந்தக் கருவியை ஒதுக்கி வைப்பார்கள். அதிகாலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சாவடியில் இந்தப் பூஜ்ஜியத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

உட்காரும் வரிசை பற்றி இரண்டு வார்த்தை. தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, நம் மாநிலத்தில் தங்கள் சின்னத்தில் நிற்க அனுமதி பெற்ற வேறு மாநிலக் கட்சி, அங்கீகாரமில்லாத கட்சி, சுயேச்சை என்ற வரிசை தேர்தல் ஆணையம் போட்டது. முன்னால் இருப்பவர் உயர்ந்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை. கடைசியில் இருக்கும் சுயேச்சையின் ஏஜெண்ட் உண்மையில் யாருக்காக வந்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். சாவடிக்குள் அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி ஆட்சேபணைக்கு வருகிறோம். ஊர் இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான். முதல் நிலை அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். முகவர் தன் பட்டியலில் கோடு போடுவார். ஆள் மேல் சந்தேகம் இருந்தால் 2 ரூபாய் கட்டி 'சேலஞ்ச்' செய்யலாம். ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமலேயே பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். "வந்திருப்பவர் இந்தப் பெயருக்குரியவர் இல்லை" என்பது மட்டுமே செல்லும். "இவரு திருப்பூருக்குக் குடிபோயி ரெண்டு வருஷமாச்சு" என்பது செல்லாது. பெயர் பட்டியலில் இருந்து ஆளும் அவரேயானால் அவர் ஓட்டுப் போடுவார். நீக்க வேண்டுமென்றால் பட்டியல் திருத்தத்தின்போதே மனு கொடுத்திருக்க வேண்டும். இடம் மாறியவர், இறந்தவர் பெயர்கள் கொண்ட ஏ.எஸ்.டி. பட்டியல் அலுவலரிடம் இருக்கும். அதிலுள்ள ஒருவர் வந்தால் ஆவணத்தைக் கூர்ந்து பார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிய பிறகே விடுவார்கள்.

முதலில் ஆதாரம் காட்ட வேண்டியவர் ஆட்சேபித்தவர். வாக்காளர் அல்ல. காட்ட எதுவும் இல்லாவிட்டால் ஆட்சேபணை அத்தோடு தள்ளுபடி. வேண்டுமென்றே செய்ததாக அலுவலருக்குத் தோன்றினால் 2 ரூபாயும் அரசுக்குப் போய்விடும். தொகை சிறியது, அவமானம் அப்படியில்லை. வரிசையில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் ஒரு பெரியவரைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்டால், அவர் வீட்டில் இருக்கும் ஆறு ஓட்டும் உங்களுக்கு இனிமேல் கிடையாது. ஆட்சேபணை செய்வதானால் விரலை நீட்டாமல், வாக்காளரோடு பேசாமல், தலைமை அலுவலரிடம் எழுந்து நின்று சொல்லட்டும்: "ஐயா, வரிசை எண் இது. அடையாளம் பற்றி எனக்குச் சந்தேகம்." அவ்வளவு போதும்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு கட்சியின் முகவர், ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணை ஆட்சேபித்துச் சத்தம் போட்டார். வாக்குப்பதிவு சிறிது நேரம் நின்றுபோனது. அவரை எதிர்த்துப் பேசிய மற்ற முகவர்கள், வெளியே ஒருவருக்கொருவர் பரம விரோதிகளான கட்சிகளைச் சேர்ந்தவர்கள். கடைசியில் அவரை வெளியேற்றினார்கள். முகத்தை மூடி வருபவரை ஒரு பெண் அலுவலர் மறைவாக வைத்துப் பார்த்து உறுதி செய்ய வழி இருக்கிறது. கேட்டிருந்தால் அமைதியாக முடிந்திருக்கும்.

பார்வையற்றவருக்கும் உடல் தளர்ந்தவருக்கும் உதவ வரும் துணையாள் இன்னொரு தகராறு. துணையாளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம், அதற்கு உறுதிமொழிப் படிவம் உண்டு. ஒரே இளைஞர் நான்காவது பாட்டியோடு வந்தால் எழுந்து சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் கட்சி இளைஞராக இருந்தாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். அப்படி ஒருமுறை சொன்ன முகவரின் பேச்சை அன்று முழுதும் எல்லோரும் நம்புவார்கள்.

"நான் அமுக்கினது ஒண்ணு, சீட்டுல வந்தது ஒண்ணு" என்று ஒருவர் கத்தினால் கூடவே கத்தாதீர்கள். விவிபேட் சீட்டு 7 நொடிதான் தெரியும். கண்ணாடி போடாமல் வந்தவர் தவறாகப் பார்த்திருக்கலாம். தேர்தல் நடத்தை விதிகளில் 49எம்ஏ இதற்கென்றே இருக்கிறது. புகாரை எழுத்தில் வாங்கி, பொய்யானால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, முகவர்கள் முன்னிலையில் அவரை ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் அந்தக் கருவியில் வாக்குப்பதிவு நின்றுவிடும். எந்தச் சின்னத்தின் மேல் புகாரோ அந்தக் கட்சி முகவரும் தள்ளி நிற்காமல் சேர்ந்து பார்க்கட்டும். பார்க்காதவர்தான் நாளைக்கு வதந்தி கிளப்புவார்.

மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளில் தொடங்கி முன்னோக்கிச் சீட்டு கொடுப்பார்கள். காரணம் எளிது: புதிதாக யாரும் பின்னால் வந்து சேர முடியாது. "அவங்க ஆளு இப்பத்தான் ஓடி வந்தான்" என்ற சண்டை, முன்னாலிருந்து கொடுத்தால்தான் வரும்.

17சி படிவத்தை வாங்காமல் உங்கள் ஆள் வெளியே வரக்கூடாது. பதிவேடான 17ஏ-யில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை, அதில் ஓட்டுப் போடாமல் போனவர்கள் எத்தனை, கருவி காட்டும் மொத்தம் எத்தனை, கருவியின் எண் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். முகவர்கள் எல்லோருக்கும் நகல் உண்டு. 5.30-க்கே கிளம்பி டீக்கடையில் வெற்றி வித்தியாசம் கணக்குப் போடுகிறவர்கள்தான் எண்ணிக்கை நாளில் "மெஷினை மாத்திட்டாங்க" என்கிறார்கள். ஒப்பிட அவர்கள் கையில் தாள் இருக்காது. உங்கள் நகலில் இருக்கும் எண்ணேதான் எதிர்க்கட்சி நகலிலும் இருக்கும். அதனால்தான் இரண்டுக்கும் மதிப்பு. தாலுகா அளவில் ஒரே ஒரு நாள், எல்லாக் கட்சி பூத் ஏஜெண்டுகளையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு மாதிரி 17சி-யை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். மண்டப வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பாடம் நடத்த நாங்கள் வருகிறோம்.

முத்திரை வைத்த கருவிகள் இரவில் அவற்றைப் பூட்டிவைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு லாரியில் போகும்போது முகவர்கள் தங்கள் வண்டியில் பின்தொடர்ந்து போகலாம். ஒரு கட்சிக்கு ஒரு கார் என்று நான்கு கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போவதைத்தான் பார்க்கிறோம். நான்கு பேரும் ஒரே காரில் ஏறினாலும் லாரி தெரியும்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிப் பணி பார்க்கும் ஆசிரியர்கள் சிலர்