பாட்டி சொன்னதும் ஸ்டேஷனில் எழுதியதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளைப் போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை செய்வதை உங்கள் இதழில் படித்தேன். அந்த ஆய்வு கேரளத்தில் இருக்கும் எங்கள் மூணாறு மலைக்கும் வர வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் பாட்டி அடிதடி வழக்கு ஒன்றில் சாட்சி. எழுபது வயது, கொழுந்து பறித்தே ஓய்ந்தவர். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நடந்ததைக் கண்ணால் பார்த்து, அடித்தவனிடம் நேரே போய் நியாயம் கேட்டவர். ஸ்டேஷனில், "நான் போய்க் கேட்டேங்க" என்றார். தமிழில் அது வினவியது. ஸ்டேஷனில் எழுதியதோ மலையாளத்தில். அதில் 'கேட்டு' என்றால் காதில் விழுந்தது மட்டும்தான். வினவுவதற்கு 'சோதிச்சு' என்பார்கள். பாட்டி விஷயத்தைக் கேள்விப்பட்டார் என்றே வாக்குமூலம் பதிவானது. கோர்ட்டில் நானும் இருந்தேன். "பார்க்கவில்லை, கேட்டதுதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "ஆமாங்க, கேட்டேன்" என்று பாட்டி தலையாட்டிவிட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் மறுத்துப் பேசியே பழகாதவர் அவர். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தானே சொன்னேன் டீச்சர்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டால் பயந்தவர் ஆம் என்றுவிடுவார். "என்ன நடந்தது, முழுசாச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டால் நினைவில் இருப்பது வரும். ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்வது இதைத்தான். குழந்தைகளுக்காக அமெரிக்காவில் 1990களில் உருவான என்.ஐ.சி.எச்.டி. (அந்நாட்டின் தேசியக் குழந்தை நல, மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனம்) விசாரணை முறையின் அடிப்படையும் இதுவே. ஐ.நா.வின் சித்திரவதை குறித்த சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஹுவான் மெண்டஸ் 2016இல் வைத்த கோரிக்கையிலிருந்து 2021இல் மெண்டஸ் கோட்பாடுகள் பிறந்தன. மிரட்டாமல் விசாரிப்பதோடு, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைத் தனிக் கவனத்துடன் கேட்கவும் அவை சொல்கின்றன.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவு, குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியைப் பெறலாம் என்கிறது. முடிந்தவரை வாக்குமூலத்தை ஒலி, ஒளியாகவும் பதிவு செய்யச் சொல்கிறது. அடிதடி வழக்கில் சாட்சி சொல்லும் பாட்டிக்கு அப்படிப் பதிவு செய்யலாம் என்பதோடு சரி, கட்டாயமில்லை. அன்று அவர் குரல் பதிவாகியிருந்தால் தமிழ் தெரிந்த யாராவது திருத்தியிருக்கலாம்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். சாட்சி ஒரு மொழி, வாக்குமூலம் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் இன்னொரு மொழி என்பது இங்கே அன்றாட நடப்பு. இதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா? திருச்சூர் போலீஸ் அகாடமி பயிற்சியிலிருந்தே தொடங்கட்டும். அப்புறம் ஆய்வாளர்கள் மலையேறி வரட்டும். லயம் லயமாகக் கூட்டிப்போக, மொழிபெயர்க்க நான் வருகிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
மூணாறு